பந்தயக் குதிரையின் தகுதியும் ஓட்ட ஆயுளும்



எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் குதிரை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மரக்குதிரையே. வேட்டைத் திருவிழா மாலையில், முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பாயும் தோற்றத்தோடு கோயில் வாசலைத் தாண்டி வெளியே வரும் அந்த வாகனத்துக்கு வயது ஏறுவதில்லை, கால் நோவதுமில்லை. ஆண்டுதோறும் வர்ணம் பூசினால் அது புதுக்குதிரை. இணுவிலிலிருந்து வடக்கே சில கட்டை தூரத்தில் இருக்கும் மாவிட்டபுரமோ, குதிரை முகம் நீங்கிய ஓர் அரசகுமாரியின் கதையைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. உயிருள்ள குதிரையைப் பார்க்க வேண்டுமானால் நாங்கள் குறிகட்டுவான் சென்று படகேறி நெடுந்தீவுக்குப் போகவேண்டும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தில் வந்து சேர்ந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் அங்கே கட்டாக்காலிகளாக மேய்கின்றன. அவற்றுக்குப் பந்தயமும் இல்லை, பயிற்சியும் இல்லை. கோடையில் நீர்நிலைகள் வற்றும்போது உயிர் தப்புவதே அவற்றின் பரீட்சை.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து வரும் ஒருவன் பந்தயக் குதிரையைப் பற்றிப் பேச முற்படுவது விந்தையாகத் தோன்றலாம். இதற்குக் காரணன் என் மாணவன் ஒருவனே. உலகத்திலேயே வேகமான குதிரை எனப் போற்றப்பட்ட ஒன்று, ஆறே முறை ஓடி, ஆறு முறையும் வென்று, நான்கு வயதில் ஓய்வு பெற்றது என்ற செய்தியை அவன் எங்கோ வாசித்திருக்கிறான். என்னிடம் வந்து, "வகுப்பிலை முதலாம் பிள்ளையை ஏன் சேர் இடையிலை மறிக்கினம்?" என்று கேட்டான். அக்கேள்விக்கு அன்று என்னால் ஒழுங்கான விடை சொல்ல முடியவில்லை. அதனைத் தேடிச் சென்றபோது அறிந்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பந்தயத்திற் பணம் கட்டும் வழக்கத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்கு இங்குள்ள புக்கியில் பணம் கட்டி, தாம் ஒருநாளும் கண்ணாற் காணாத குதிரையால் வளவை ஈடு வைத்தவர்களை நம்மிற் பலர் அறிவோம். அது வேறு கதை, அழுகைக்குரிய கதை. இன்றைய பேச்சு குதிரையைப் பற்றியது.

தமிழர் குதிரையை விலைக்கு வாங்கிய வரலாறு நெடியது. பாண்டியன் கொடுத்த பொன்னோடு குதிரை வாங்கப் புறப்பட்ட வாதவூரரின் கதையைச் சிவராத்திரி தோறும் கேட்கிறோம். நரி பரியான அற்புதத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், அரபு நாட்டுக் குதிரைகள் கடல்வழியே பாண்டி நாட்டிற் பெருந்தொகையாக வந்து இறங்கின என்பது வரலாறு. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பக்கம் வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அங்கு ஆண்டுதோறும் வாங்கப்படும் குதிரைகளுட் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் இறந்துவிடுகின்றன என்று எழுதினார். குதிரைக்கு இலாடம் கட்டி நோய் பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கு இல்லை. குதிரை வணிகரோ அத்தகையவர்களைத் தம்மோடு கூட்டி வருவதுமில்லை, வரவிடுவதுமில்லை என்பது அவர் சொன்ன காரணம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வணிகம் நடக்கும்! குதிரையின் ஆயுளை அதன் உடல் மட்டும் தீர்மானிப்பதில்லை, அதனால் எவருக்கு எப்போது ஆதாயம் என்பதும் தீர்மானிக்கிறது என்ற உண்மையை இக்குறிப்பு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே காட்டிவிட்டது. பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

இன்றைய முறையான குதிரைப் பந்தயம் ஆங்கிலேயரோடு வந்தது. சென்னைக் கிண்டியில் 1777 ஆம் ஆண்டிலேயே பந்தயம் தொடங்கிற்று. 1896 இல் சென்னைப் பந்தயக் கழகம் அமைந்தது. அங்கே பந்தயத்தை நிறுத்துவதற்குச் சட்டங்கள் வந்தன. வழக்கு நெடுங்காலம் நடந்தது. குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ட்டம் அன்று, திறமையைச் சார்ந்த விளையாட்டு என்று 1996 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 செப்டெம்பரில் தமிழ்நாட்டு அரசு அந்நிலத்தின் குத்தகையை இரத்துச் செய்ததும் வழக்கு மறுபடி தொடங்கிற்று. நம் நாட்டிலோ, கொழும்புப் பந்தயத்திடல் 1893 இற் கறுவாத்தோட்டத்துக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் அதுவே விமான இறங்குதளமாகி, 1942 ஏப்பிரில் 5 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அங்கிருந்தே போர் விமானங்கள் எதிர்த்து எழுந்தன. குதிரைகள் 1950களோடு அத்திடலை விட்டு அகன்றன. இப்பொழுது இலங்கையிற் குதிரைப் பந்தயம் என்றால் நுவரெலியாதான். ஏறத்தாழ 6000 அடி உயரத்தில், 1875 அளவில் அமைந்த அத்திடலில், சித்திரைப் புத்தாண்டுப் பருவத்தில் ஆளுநர் கிண்ணத்துக்காகக் குதிரைகள் ஓடுகின்றன. குளிரிலே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, பந்தயத்தைப் பார்த்தவர்களைவிடத் தொப்பிகளைப் பார்த்தவர்களே அதிகம் என்று சொல்லத்தக்க கூட்டத்தின் நடுவே நானும் ஒரு முறை நின்றிருக்கிறேன்.

இனி, ஒரு குதிரை பெரும் பந்தயத்தில் ஓடத் தகுதி பெறுவது எப்படி என்று பார்ப்போம்.

முதல் தகுதி பிறப்பு. பந்தயக் குதிரை தனி இனம். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர் கிழக்கு நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட மூன்று ஆண் குதிரைகளே உலகத்துப் பந்தயக் குதிரைகள் அனைத்துக்கும் தந்தைவழி முன்னோர். வம்சப் புத்தகத்திற் பெயர் பதியாத குதிரை எவ்வளவு வேகமாக ஓடினாலும் பந்தயக் குதிரை ஆகாது. இந்தியாவில் அப்புத்தகம் பூனாவிலே பேணப்படுகிறது.

அடுத்தது வயது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பூமியின் வடபாதியிலுள்ள பந்தயக் குதிரைகள் அனைத்துக்கும் சனவரி முதலாந் திகதியே பிறந்தநாள். அவுஸ்திரேலியா போன்ற தென்பாதி நாடுகளில் ஓகத்து முதலாந் திகதி. டிசெம்பர் 31 இற் பிறந்த குட்டிக்கு மறுநாளே ஒரு வயது ஆகிவிடும்! முதலாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்கச் சனவரி 31 ஐ எண்ணிக் கணக்குப் பார்க்கும் பெற்றோரை ஆண்டுதோறும் காண்கிற எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. குதிரை வளர்ப்போர் இன்னும் கெட்டிக்காரர். பதினொரு மாதக் கர்ப்பகாலத்தை எண்ணி, குட்டி சனவரி பிறந்தபின் இயன்றளவு விரைவில் பிறக்குமாறு பார்த்துக்கொள்கிறார்கள்.

புகழ்மிக்க பந்தயங்களுக்கு இந்த வயதே வாயிற்படி. இங்கிலாந்தில் எப்சம் நகரத்து டார்பி 1780 இல் தொடங்கியது. பின்னர் உலகமெங்கும் டார்பி என்ற பெயருடன் எழுந்தவற்றுக்கெல்லாம் அதுவே தாய். அதில் மூன்று வயதுக் குதிரை மாத்திரமே ஓடலாம். பம்பாய் மகாலட்சுமித் திடலில் 1943 இல் முதன்முதல் ஓடிய இந்திய டார்பியில் வென்றது ஒரு பெண் குதிரை. அதன் பெயர் பிரின்செஸ் பியூட்டிஃபுல். அது பெப்ரவரியளவில் ஓடப்படுவதால், அப்பொழுதுதான் நான்கு வயது தொட்ட குதிரைகளுக்கு உரியது. எந்த டார்பியும் ஒரு குதிரையின் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். தவறினாற் தவறியதே, இரண்டாந் தரம் தோற்றும் வாய்ப்பு இல்லை.

வயதெல்லை இல்லாத பந்தயங்களும் பல உண்டு. அவற்றிற் பெரும்பகுதி பாரம் ஏற்றிச் சமன் செய்யும் பந்தயங்கள். ஒவ்வொரு குதிரைக்கும் அதன் முந்திய ஓட்டங்களை ஆராய்ந்து புள்ளி இடுகிறார்கள். புள்ளி கூடக்கூட முதுகிற் சுமக்கும் பாரமும் கூடும். சவாரி செய்பவரின் எடை போதாவிட்டாற் சேணத்திலே ஈயத்துண்டுகளைச் செருகி நிரப்புவார்கள். கெட்டிக்காரக் குதிரை வெல்ல வெல்ல அதன் சுமை ஏறும். எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் எல்லையைத் தொடவேண்டும் என்பதே பாரம் இடுபவரின் இலட்சியம். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் கிண்ணம் இவ்வகையானது. ஃபார் லாப் என்ற பெயர்பெற்ற குதிரை 1930 இல் ஏறத்தாழ 62 கிலோ சுமந்து அதை வென்றது. அடுத்த ஆண்டு அதன் முதுகில் 68 கிலோ ஏற்றினார்கள், எட்டாவதாக வந்தது. வென்றதற்குக் கொடுத்த பரிசே பாரமாயிற்று. நட்சத்திரக் குதிரைகளின் உடைமையாளர் நெடுங்காலம் ஓடவிடத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். உயர்ந்த தரப் பந்தயங்கள் பலவற்றில் இப்பாரமுறை இல்லை. வயதையும் ஆண் பெண் வேற்றுமையையும் பார்த்து, எல்லார்க்கும் ஒரே விதிப்படி எடை இடுவார்கள்.

ஓடவரும் குதிரைகள் திடல் கொள்ளும் அளவுக்கு மேற்பட்டால் என்ன செய்வது? அமெரிக்காவின் கென்டக்கி டார்பியில் 1974 இல் 23 குதிரைகள் ஒன்றாக நெருக்கியடித்து ஓடின. அதன்பின் 20 என்று எல்லை விதித்தார்கள். அந்த இருபதைத் தெரிய முன்பு தரமிக்க பந்தயங்களில் ஈட்டிய பரிசுப் பணத்தை எண்ணினார்கள். குறுந்தூர ஓட்டத்தில் ஈட்டிய பணமும் அக்கணக்கிற் சேர்ந்ததால், நெடுந்தூரம் ஓடமாட்டாத குதிரையும் உள்ளே நுழைந்தது. 2013 முதல் புள்ளிமுறை வந்தது. குறிப்பிட்ட பந்தயங்களில் மட்டும் புள்ளி; டார்பியை நெருங்கும் பந்தயங்களுக்குக் கூடிய புள்ளி; கடைசிக் கட்டத்துப் பெரும் பந்தயத்தில் வென்றால் 100. எங்கள் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த வெட்டுப்புள்ளியேதான் இது.

வெட்டுப்புள்ளிக்கு அப்பால் நிற்பவனும் வெல்லக்கூடும் என்பதற்கு 2022 ஆம் ஆண்டு ஒரு சாட்சி. ரிச் ஸ்ட்ரைக் என்ற குதிரை, 30,000 டொலருக்கு வாங்கப்பட்டது. அங்கே அது மிகச் சிறு தொகை. இருபதுக்குள் இடம் கிடைக்காமற் காத்திருந்தது. பந்தயத்துக்கு முதல்நாட் காலையில், நேரம் முடியும் தறுவாயில், வேறொரு குதிரை விலகிக்கொள்ள இதற்கு இடம் கிடைத்தது. கடைசியாய் உள்ளே வந்த அக்குதிரையே மறுநாள் எல்லாவற்றையும் முந்திற்று. ஒன்றுக்கு எண்பது என்ற அளவில், வெல்லமாட்டாது என எல்லாரும் ஒதுக்கிய குதிரை! முழுக்கதையையும் சொல்லவேண்டுமானால், அதன்பின் அது எந்தப் பந்தயத்திலும் வெல்லவில்லை. ஆகவே வெட்டுப்புள்ளி முற்றிலும் பிழை என்று வாதிப்போரும் சரி என்று வாதிப்போரும் இக்கதையைத் தத்தமக்கேற்ப எடுத்துக்கொள்ளலாம்.

தகுதி விதி எவ்வளவு கொடியதாக இருக்கமுடியும், பின் எவ்வாறு திருந்தமுடியும் என்பதற்கு யப்பான் நாட்டின் ஒகுரி கப் என்னும் சாம்பல்நிறக் குதிரையின் வரலாற்றைச் சொல்லாமல் விட என்னால் இயலாது. கசமத்சு என்ற சிற்றூர்த் திடலில் அது ஓடத் தொடங்கிற்று. நம் மொழியிற் சொன்னால் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அங்கு 12 முறை ஓடிப் பத்து முறை வென்றது. 1988 தொடக்கத்தில் அதை விலைக்கு வாங்கி நாட்டின் தலைமைப் பந்தயங்களுக்குக் கொண்டுவந்தார்கள். வந்த இடத்திலும் வென்றுகொண்டே போயிற்று. ஆனால் யப்பானிய டார்பி முதலிய மூன்று வயதுப் பெரும் பந்தயங்களில் அது ஓட அனுமதி கிடைக்கவில்லை. காரணம், அப்பந்தயங்களுக்கு நெடுநாள் முன்னரே பெயர் பதிந்து கட்டணம் கட்டியிருக்க வேண்டும். சிற்றூர்த் திடலில் நின்ற குதிரைக்கு அப்பெருமை வரும் என்று எவர் எண்ணினார்? எவரும் பதியவில்லை. படிவம் நிரப்பாத குற்றத்துக்காக அந்நாட்டின் மிகச்சிறந்த மூன்று வயதுக் குதிரைகளுள் ஒன்று வெளியே நின்றது. விண்ணப்பத் திகதி தவறி வாசலில் நின்ற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த எந்த அதிபருக்கும் இவ்விடத்தில் தொண்டை கரகரக்கும்.

மக்கள் மனம் கொதித்தார்கள். சில ஆண்டுகளின் பின், 1992 இல், முன்பே பதியாத குதிரையும் 20 இலட்சம் யென் மேலதிகக் கட்டணம் செலுத்திச் சேரலாம் என்று விதி திருத்தப்பட்டது. 1999 இல் தி. எம். ஒபெரா ஓ என்ற குதிரை அவ்வழியாற் சேர்ந்து, மூன்று வயதுப் பெரும் பந்தயங்களுள் முதலாவதாகிய சத்சுகி ஷோவை வென்றது. ஒகுரி கப்புக்கு அது பயன்படவில்லை. அதற்குப் பின்வந்தவர்களுக்குப் பயன்பட்டது.

மூன்று வயதிற் கதவடைக்கப்பட்ட அக்குதிரை அதன்பின் பெற்ற புகழ்தான் வியப்பு. நாட்டிலுள்ள சிறுவரெல்லாம் அதன் பொம்மையை வைத்திருந்தார்கள். புகழ் வந்ததும் பேராசையும் வந்தது. 1989 இல் ஒரு வாரத்தில் ஒரு மைல் பந்தயத்தை வென்ற குதிரையை, அடுத்த வாரமே யப்பான் கிண்ணத்தில், ஒன்றரை மைல் தூரம் ஓடவிட்டார்கள். உலகச் சாதனை நேரத்தில் முடிந்த அப்பந்தயத்திற் கழுத்தளவு வேறுபாட்டால் அது தோற்றது. இப்படியும் ஓட்டலாமா என்று பலர் அப்பொழுதே கண்டித்தார்கள். 1990 இலையுதிர் பருவத்தில் ஆறாவதாகவும் பதினொன்றாவதாகவும் வந்து சோர்ந்தது. இனி ஓய்வு கொடுங்கள் என்ற குரல்கள் எழுந்தன. ஆனால் ஆண்டின் இறுதியில் வரும் அரிமா நினைவுப் பந்தயத்துக்கு ஒரு தனி விதி உண்டு. 1956 இல் தொடங்கிய அப்பந்தயத்தில் ஓடும் குதிரைகளைப் பொதுமக்கள் வாக்களித்துத் தெரிகிறார்கள். மக்கள் ஒகுரி கப்பைத் தெரிந்தார்கள். 1990 டிசெம்பர் 23 ஆம் நாள், 1 இலட்சத்து 77 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டிருந்த திடலில், தன் கடைசி ஓட்டத்தில் அது வென்றது. திடல் முழுவதும் அதன் பெயரைச் சொல்லி முழங்கிற்று. 32 ஓட்டங்களில் 22 வெற்றி. மக்கள் வாக்கினால் ஒரு நட்சத்திரக் குதிரையைக் களத்திலே மேலும் ஒரு நாள் நிறுத்தி வைக்கலாம் என்பதை அந்நாடு காட்டிற்று. நல்ல முடிவு வாய்த்ததால் அதைக் கொண்டாடுகிறோம். அன்று அதன் கால் முறிந்திருந்தால் வாக்களித்தவர்களைப் பற்றி என்ன சொல்லியிருப்போமோ அறியேன்.

இனி என் மாணவனின் கேள்விக்கு வருவோம். அவன் குறிப்பிட்ட குதிரை அமெரிக்காவின் ஃபிளைட்லைன். 2022 நவம்பரில் 60 இலட்சம் டொலர் பரிசுள்ள பந்தயத்தில் எட்டுக் குதிரை நீளத்துக்கு மேல் முந்தி வென்றது. உடனே ஓய்வு. ஏன்? அடுத்த ஆண்டு அதனோடு ஒரு பெண் குதிரையைச் சேர்ப்பதற்கு 2 இலட்சம் டொலர் கட்டணம் குறித்தார்கள். பந்தயக் குதிரை இனத்திற் செயற்கைமுறைக் கருவூட்டலை விதிகள் ஏற்பதில்லை, இயற்கையாகச் சேரவேண்டும். அப்படியிருந்தும் ஒரு பருவத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பெண் குதிரைகளோடு ஒரு பொலிகுதிரையைச் சேர்க்கிறார்கள். நூறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2 கோடி டொலர். ஓடினால் கிடைக்கும் பரிசோ அதிற் சிறு பங்கு. ஓட்டத்திற் கால் முறிந்தால் அத்தனையும் போய்விடும். ஒரு முறை தோற்றாற்கூட விலை இறங்கும். வணிகக் கணக்குப் பார்ப்பவன் எதனைத் தெரிவான்? 2018 இல் ஜஸ்டிஃபை என்ற குதிரை பெப்ரவரியில் முதன்முதல் ஓடி, யூனில் அமெரிக்காவின் மூன்று மணிமுடிப் பந்தயங்களையும் வென்று, யூலையில் ஓய்வு பெற்றது. பந்தய வாழ்வு முழுவதும் ஓர் ஆண்டுக்குள் அடங்கிற்று.

இதைப் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எப்சம் டார்பியிற் காயடித்த குதிரை ஓடமுடியாது. பந்தயத்திற்கும் காயடித்தலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். அப்பந்தயத்தின் நோக்கமே அடுத்த தலைமுறைக்கு நல்ல தாய் தந்தையரைத் தெரிவு செய்வது. மூன்று வயதில் ஒரு பரீட்சை, வென்றவனுக்குக் கலியாணம். தகுதி விதியே அப்படி அமைந்திருக்கும்போது, வென்ற குதிரை விரைவில் திடலை விட்டுப் போவது விதியை மீறிய செயல் அன்று, விதியின் விளைவே. குதிரை நெடுங்காலம் ஓடவேண்டும் என்பது அதைப் பார்க்க வருபவனின் விருப்பம். விதி செய்தவர்களின் விருப்பமாக அது இருக்கவில்லை.

இக்கணக்கை மாற்றிப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. காயடித்த குதிரைக்குப் பொலியும் வாழ்வு இல்லை. ஆகவே ஓடும்வரை ஓடும். அமெரிக்காவின் ஜோன் ஹென்றி அத்தகையது. குட்டியாக 1,100 டொலருக்கு விலைபோனது. 83 ஓட்டம் ஓடி 39 இல் வென்றது. ஒன்பதாம் வயதில், 1984 இல், அந்நாட்டின் ஆண்டின் சிறந்த குதிரையாயிற்று. ஹொங்கொங்கிற் குதிரை வளர்ப்புத் தொழிலே இல்லை. ஓடுவதற்கென்றே வெளிநாட்டிலிருந்து குதிரைகளைத் தருவிக்கிறார்கள். அவற்றுட் பெரும்பாலானவை காயடிக்கப்பட்டவை. ஆகையால் அங்கே மக்கள் தாம் விரும்பிய குதிரையை ஆண்டுக்கணக்காகக் காண்கிறார்கள். ரொமான்டிக் வாரியர் என்ற குதிரை 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து ஹொங்கொங் கிண்ணத்தை வென்றதோடு, அவுஸ்திரேலியாவுக்கும் யப்பானுக்கும் சென்று அங்குள்ள பெரும் பந்தயங்களையும் வென்றது.

பெண் குதிரைகளும் நெடுங்காலம் ஓடுவதுண்டு. பெண் குதிரை ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். அவசரப்படுவதால் ஆதாயம் குறைவு. ஹங்கேரி நாட்டின் கின்செம் 1876 முதல் 1879 வரை 54 பந்தயங்கள் ஓடி ஒன்றிலும் தோற்கவில்லை. அவுஸ்திரேலியாவின் விங்ஸ் 2015 முதல் 2018 வரை கொக்ஸ் பிளேட் பந்தயத்தை நான்கு முறை வென்று, தொடர்ந்து 33 வெற்றிகளோடு 2019 இல் ஓய்வு பெற்றது.

மற்ற வழிகளையும் ஆளுவோர் முயன்று பார்க்கிறார்கள். மூத்த குதிரைகளுக்கென்று பெரும் பரிசு வைப்பது ஒன்று. டுபாய் உலகக் கிண்ணம் 1996 இல் தொடங்கியது. 2020 இற் சவூதி அரேபியா 2 கோடி டொலர் பரிசுடன் ஒரு பந்தயத்தைத் தொடங்கிற்று. பொலிகுதிரை ஒரு பருவத்திற் சேரும் பெண் குதிரைகளின் தொகையை 140 ஆகக் கட்டுப்படுத்த அமெரிக்கப் பதிவுக் கழகம் 2020 இல் ஒரு விதி செய்தது. வளர்ப்போர் வழக்குத் தொடுத்தனர். 2022 இல் விதி கைவிடப்பட்டது.

எனினும், நெடுங்காலம் ஓடவிடுவதே குதிரைக்கு நன்மை என்று நான் சொல்ல வரவில்லை. எப்சம் டார்பியை 2019 இல் வென்ற அன்ரனி வான் டைக் என்னும் குதிரையை, வழக்கத்துக்கு மாறாக, அடுத்த ஆண்டும் ஓடவிட்டார்கள். பார்வையாளர் மகிழ்ந்தார்கள். 2020 நவம்பரில் மெல்பேர்ண் கிண்ணத்தில் ஓடும்போது அதன் கணுக்கால் முறிந்தது. அதனைக் கொல்ல வேண்டியதாயிற்று. குதிரையின் எடை ஏறத்தாழ 500 கிலோ. விரைந்து ஓடும்போது ஒரு கணம் அத்தனை பாரமும், அதற்கு மேலும், ஒரே காலில் இறங்குகிறது. எலும்பு உயிருள்ள பொருள்; அளவோடு பாரம் ஏற்றினால் உறுதிப்படும். இளங்குதிரைக்கு அளவான பயிற்சி தீங்கன்று, நன்மையே என்று ஆராய்ச்சியாளர் சொல்வதும் இதனாலேயே. ஆனால் ஓயாது ஏற்றினால் கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் உண்டாகி, ஆறுவதற்கு முன்னரே பெருகிவிடுகின்றன. வெளியே பார்ப்பதற்குக் குதிரை நொண்டாது, நன்றாகவே ஓடும், ஒரு நாள் முறியும். அமெரிக்காவில் 2008 இல், கென்டக்கி டார்பியில் இரண்டாவதாக வந்த எய்ட் பெல்ஸ் என்ற பெண் குதிரை, எல்லையைக் கடந்தபின் இரு முன்னங்கால்களும் முறிந்து அதே திடலில் இறந்தது.

ஆகவே அண்மைக் காலத்தில் தகுதி என்ற சொல்லின் பொருளே விரிந்திருக்கிறது. 2021 முதல், மெல்பேர்ண் கிண்ணத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரும் குதிரைகளின் கால்களைக் குறுக்குவெட்டுக் கதிர்ப்படம் எடுத்து, மிருக வைத்தியர்கள் சம்மதித்தால்தான் ஓடவிடுகிறார்கள். எத்தனை புள்ளி பெற்றிருந்தாலும் படத்தில் வெடிப்புத் தெரிந்தால் வாயில் அடைபடும். இங்கிலாந்தின் கிராண்ட் நாஷனல் தடைதாண்டும் ஓட்டத்திற் 40 ஆக இருந்த குதிரைத் தொகையை 2024 முதல் 34 ஆகக் குறைத்தார்கள். நட்சத்திரக் குதிரையை நெடுநாள் களத்தில் வைத்திருப்பதற்குச் சொல்லப்படும் வழிகளுள் எனக்கு நம்பிக்கை தருவது இதுவே. பெரும் பரிசு குதிரையைத் திடலுக்கு இழுக்கும். அதன் காலைக் காக்காது. ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையிலே போதிய நாள் விடுவதும், படத்தைப் பார்த்துவிட்டு "இன்று வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரத்தை உடைமையாளரோடு தொடர்பற்ற ஒருவரிடம் கொடுப்பதுமே காக்கும். அந்த ஒருவரின் சொல்லுக்குப் பந்தயக் கழகம் கட்டுப்படவேண்டும் என்பது இதில் மிகக் கடினமான பகுதி. பல்லாயிரம் பேர் சீட்டு வாங்கிவிட்டுக் காத்திருக்கும்போது அது மேலும் கடினம்.

இதையெல்லாம் அம்மாணவனுக்கு ஒரு மாலை விளக்கினேன். கேட்டுவிட்டு, எங்கள் மாட்டுவண்டிச் சவாரியில் இப்படி இல்லையே என்றான். உண்மைதான். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் அயலில் ஒருவர் சோடி மாடுகள் வைத்திருந்தார். சவாரி நாள் வந்தால் அவருக்கு முன்னதாக மாடுகள் சாப்பிடும். பல ஆண்டுகள் அவை ஓடின, வென்றன, பின் தோற்கத் தொடங்கின. ஒரு மாட்டின் காலிலே நோவு கண்டதும் அவர் இரண்டையும் நிறுத்திவிட்டார். நல்ல விலைக்குக் கேட்டு வந்த ஒருவரிடம், "அது ஓடினது காணும்" என்று சொல்லி அனுப்பினதை நான் வேலிக்கரையில் நின்று கேட்டேன். அதன் பிறகும் அவர் வீட்டுப் புளியமரத்தின் கீழ் அவை இரண்டும் நெடுநாள் நின்றன. சவாரித் திடலிலிருந்து ஆரவாரம் கேட்கும் நாட்களில் வலத்தன் மட்டும் தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்க்கும்.